தாட்சண்யம் தன நாசம்: பேர்கார்டன் கிளப்பின் அங்கத்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மகா கனம் பொருந்திய கனவான்களே!

லண்டன் மாநகரில் ஸெயின்ட் ஜேம்ஸ் வீதியை விட்டுப் பிரியும் சிறு தெரு ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு முன் கதவைத் திறப்பதில்லை என்றும், காலைப் பத்திரிகைக்கும் புத்தகசாலைக்கும் உள்ளே இடமில்லை என்றும் விதி செய்துகொண்டு, சாப்பாட்டு அறை, பில்லியர்ட்ஸ் அறை, சீட்டாட்ட அறை ஆகிய மூன்றுமே ஒரு கனவானின் வாழ்க்கைக்குப் போதும் என்ற தீர்மானத்தோடு நீங்கள் நடத்திவந்த கிளப்பு மூடப்பட்டு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலம் கழித்து, ஒரு நாவலின் பக்கங்களுக்குள் வாழும் உங்களுக்கு மடல் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று ஸர் பீலிக்ஸ் கார்பரி புருவத்தை உயர்த்தலாம். டாலி லாங்ஸ்டாப் இதைப் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் செருகிவிடவும் கூடும். இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் கதையைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மெல்மாட் என்ற மகா மோசக்காரரைக் கண்டு வியந்துவிட்டு, உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கோ அந்த மோசத்துக்கு முதலீடு போட்டவர்கள் நீங்கள்தாம் என்று படுகிறது. நீங்கள் போட்டது பணமல்ல. அது உங்களிடம் இருந்ததே இல்லை. நீங்கள் போட்டது தாட்சண்யம்.

இந்த மடல் திறந்த மடலாகையால், பக்கத்தில் நின்று படிக்கும் எங்கள் ஊர் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்களைப் படைத்தவர் ஆண்டனி டிராலப். ஆஸ்திரேலியாவில் சுற்றுப் பிரயாணம் செய்துவிட்டு 1872-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் திரும்பிய அவர், பளிங்கு மாளிகையும் படாடோப விருந்துமாக நடக்கும் அயோக்கியத்தனத்தை ஜனங்கள் அயோக்கியத்தனம் என்று நினைப்பதையே விட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, 1873 மே மாதம் தொடங்கி அந்த ஆண்டு முடிவதற்குள் நூறு அத்தியாயங்களை எழுதி முடித்தார். ‘நாம் இப்போது வாழும் விதம்’ என்று பொருள்படும் தலைப்போடு அது 1874 பிப்ரவரி முதல் இருபது மாதப் பகுதிகளாக வெளிவந்து, 1875-இல் புத்தகமாயிற்று. அன்றைய விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இன்று அவர் எழுதிய நாற்பத்தேழு நாவல்களில் அதையே முதன்மையானதாகச் சொல்லுவோர் பலர்.

முதலில் உங்கள் சீட்டாட்ட மேஜைக்கு வருவோம். நள்ளிரவு தாண்டிய பிறகுதான் அங்கே ஆட்டம் சூடுபிடிக்கும். ஆட்டத்தில் தோற்றவர் ஒரு துண்டுக் காகிதத்தில் தம் பெயரையும் தொகையையும் கிறுக்கி நீட்டுவார். ஜெயித்தவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அடுத்த இரவு அவர் தோற்கும்போது அதே காகிதத்தை மற்றொருவருக்குத் தள்ளிவிடுவார். மைல்ஸ் கிரெண்டால் எழுதிய சீட்டுகள் இவ்வாறு உங்கள் எல்லாருடைய பைகளிலும் வலம் வந்தன. அவரிடம் ஒரு ஷில்லிங்கும் இல்லை என்பதும், அந்தக் காகிதம் ஒருநாளும் பணமாக மாறப்போவதில்லை என்பதும் உங்களில் யாருக்குத்தான் தெரியாது? ஆயினும், “ஐயா, இது செல்லாத சீட்டு, ரொக்கம் கொடுங்கள்” என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. தையற்காரருக்கும் குதிரை வியாபாரிக்கும் வருஷக்கணக்கில் பாக்கி வைப்பதில் உங்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஆனால் நண்பரிடம் பாக்கியைக் கேட்பது மட்டும் கௌரவக் குறைவு என்று ஒரு தர்மம் வகுத்துக்கொண்டீர்கள்.

அந்தத் தர்மம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை ஒரு காட்சியே சொல்லிவிடும். ஆட்டத்தின் நடுவே, மைல்ஸ் தம் அங்கிக் கையிலிருந்து ஒரு சீட்டை இழுப்பதை ஸர் பீலிக்ஸ் தம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது, உலகத்தில் எந்தப் பாவத்தையும் செய்யத் துணிந்தவராயினும் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவது என்பது அவருக்கும் அதிர்ச்சியாக இருக்கிறது. மறுநாள் டாலியின் வீட்டுக்குப் போய், படுக்கையை விட்டு இன்னும் எழுந்திராத அந்தச் சிநேகிதரிடம் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று யோசனை கேட்கிறார். டாலி தரும் யோசனையின் சாரம், அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிடுவதே உத்தமம் என்பதுதான்! சண்டை வரும், சங்கடம் வரும், கிளப்பில் பேச்சு வரும், எழுந்து உடுத்திக்கொண்டு எங்காவது போய்ச் சாட்சி சொல்ல வேண்டிவரும். அதைவிடத் தோற்பதே மேல். ஆகவே ஆட்டம் தொடர்ந்தது. கனவான்களே, திருடனை அறிந்த பிறகும் அவனோடு மரியாதையாக உட்கார்ந்து ஆடப் பழகியவர்களை வேறொரு மேஜைக்கு அழைத்துப் போவது ஒரு கெட்டிக்காரனுக்கு எவ்வளவு நேரத்து வேலை?

அந்த வேறொரு மேஜைதான் மெல்மாட் தலைமை வகித்த ரயில்வே கம்பெனியின் டைரக்டர் சபை. அமெரிக்காவில் ஸால்ட் லேக் ஸிட்டியிலிருந்து மெக்ஸிகோவின் வெராகுரூஸ் துறைமுகம் வரையில் ஒரு ரயில்பாதை போடப் போவதாக ஏற்பாடு. பாதை போட்டு லாபம் காண்பதல்ல, பங்குகளை விற்று லாபம் காண்பதே அதன் நோக்கம் என்பதை, அந்த யோசனையைக் கொண்டுவந்த ஸான் பிரான்ஸிஸ்கோ வியாபாரி பிஸ்கர், உங்களில் ஒருவரான பால் மாண்டேகுவிடம் மறைக்கவே இல்லை. அந்தச் சபையில் நிடர்டேல் பிரபு உட்கார்ந்தார். ஸர் பீலிக்ஸ் உட்கார்ந்தார். மைல்ஸின் தந்தை ஆல்பிரட் பிரபு உட்கார்ந்து, தலைவர் வாய் திறந்தபோதெல்லாம் ஆமோதித்தார். சீட்டை ஒளித்த அதே மைல்ஸ் காரியதரிசியாக நின்று, ஒருவருக்கும் விளங்காத குரலில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார். அரை மணி நேரத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும். பால் மாண்டேகு ஒருவர்தான் கணக்கைக் காட்ட வேண்டும் என்று முணுமுணுத்தார். அதற்கு மெல்மாட் கோபிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. இத்தகைய மகத்தான காரியங்களுக்கு ஒற்றுமையே உயிர் என்ற தோரணையில் ஓர் உபதேசம் செய்தார். பின்னர், வேலையை நேரில் மேற்பார்வையிடக் கணக்குக் கேட்டவரையே மெக்ஸிகோவுக்கு அனுப்பிவைக்கலாமே என்றும் யோசனை சொன்னார். சபையில் மற்றவர்கள் பாலைப் பார்த்த பார்வை, விருந்தில் சாப்பாட்டுக்கு விலை கேட்டவனைப் பார்க்கும் பார்வை.

இதை டிராலப்பின் கற்பனை மிகை என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். உங்கள் தந்தையர் காலத்தில் ‘ரயில்வே ராஜா’ என்று கொண்டாடப்பட்ட ஜார்ஜ் ஹட்ஸன், கம்பெனிக் கணக்குகளில் செய்த தில்லுமுல்லு வெளிவந்து 1849-இல் வீழ்ந்தார். பாராளுமன்ற அங்கத்தினராக இருந்த ஜான் ஸாட்லியர், டிப்பெரரி பாங்கியைச் சூறையாடிவிட்டு, 1856 பிப்ரவரியில் ஹாம்ஸ்டெட் புல்வெளியில் பிரஸ்ஸிக் அமிலத்தைக் குடித்து மாண்டார். கம்பெனி முழுகினாலும் பங்குதாரன் தன் பங்குத் தொகைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்ற சட்டம் 1855-இல் வந்தது. 1862-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் அதை நிலைநாட்டியது. நல்ல சட்டந்தான்; ஆனால் பட்டப் பெயருள்ள பிரபுக்கள் சிலருடைய நாமதேயங்களை விளம்பரத்தின் உச்சியில் அச்சிட்டுவிட்டால், ஊர் முழுவதும் பங்கு வாங்க ஓடிவரும் என்பதைக் கம்பெனி தொடங்குகிறவர்கள் வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டார்கள். 1866 மே மாதத்தில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரும் நிறுவனம் கதவடைத்தபோது லண்டன் நகரமே நடுங்கிற்று. உங்கள் கதையை டிராலப் எழுதிக்கொண்டிருந்த 1873 செப்டம்பரில், அமெரிக்காவில் வடக்குப் பசிபிக் ரயில்பாதைக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த ஜே குக் கம்பெனி மஞ்சள் கடுதாசி நீட்டியது. நாவலாசிரியர் ஜோசியம் சொல்லவில்லை, கனவான்களே. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எழுதினார்.

ஸர் பீலிக்ஸ் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெல்மாட்டின் மகள் மேரி உங்களை நம்பித் தந்தையின் காசோலையை எடுத்து உங்களிடம் சேர்ப்பித்து, தோழியோடு லிவர்பூலுக்கு ரயில் ஏறினாள். அங்கே உங்களைச் சந்தித்து நியூயார்க்குக்குக் கப்பலேறிக் கல்யாணம் செய்துகொள்வதாக ஏற்பாடு. அந்த இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பேர்கார்டனில். கையில் நிஜமான ரொக்கம் வந்தது அபூர்வமாகையால் அதை மேஜைமேல் வைத்துப் பார்க்கும் ஆசையை உங்களால் அடக்க முடியவில்லை. விடிவதற்குள் எல்லாவற்றையும் தோற்று, குடித்துத் தள்ளாடி, அன்னையின் வீடு போய்ச் சேர்ந்தீர்கள். லிவர்பூலில் அந்தப் பெண் போலீஸாரிடம் அகப்பட்டுத் தனியாகத் திரும்பினாள். மற்ற இரவுகளில் உங்களிடமிருந்து காகிதம் வாங்கிக்கொண்ட நண்பர்கள் அன்று ரொக்கத்தை வாங்கிக்கொள்ள மட்டும் கூச்சப்படவில்லை என்பதையும், “இவ்வளவு பணம் இவருக்கு ஏது?” என்ற சாதாரணக் கேள்வியைக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டார்கள் என்பதையும் நீங்கள் அப்போது கவனித்திருக்க மாட்டீர்கள்.

இனி டாலி. சோம்பேறித்தனத்தின் அவதாரமாக, தபால் உறையைப் பிரிப்பதையே தேகப் பயிற்சியாகக் கருதிய இவர்தாம் மெல்மாட்டைக் கவிழ்த்தார் என்பது இந்தக் கதையின் மிகப் பெரிய வேடிக்கை. லாங்ஸ்டாப் குடும்பத்துப் பிக்கரிங் எஸ்டேட்டை மெல்மாட் விலை பேசி, ஒரு காசும் கொடுக்காமலே சுவாதீனம் எடுத்துக்கொண்டு, பத்திரங்களை அடமானமும் வைத்துவிட்டார். அந்தப் பத்திரங்களை விடுவிக்கும் கடிதத்தில் டாலியின் கையெழுத்து வேண்டியிருந்தது. டாலி போடாமல் விட்ட அந்தக் கையெழுத்தை மெல்மாட் தாமே போட்டுவிட்டார். தந்தை லாங்ஸ்டாப்போ, இவ்வளவு பெரிய மனிதரிடம் பணத்தை உடனே கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது என்று தயங்கினார். பரம்பரைக் குடும்ப வக்கீல்களும் மென்று விழுங்கினார்கள். டாலிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. கடன்காரர்கள் கழுத்தைப் பிடித்தார்கள், ஆகவே, “என் பங்குப் பணம் எங்கே?” என்று கேட்டார். அழுக்குச் சட்டையோடு திரிந்த ஸ்கொர்க்கம் என்ற சாமர்த்தியசாலியான வக்கீல் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். “நீ குடிபோதையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பாய்” என்று பெற்ற தகப்பனே சொன்னபோதும், நான் போடவில்லை என்று டாலி சாதித்தார்.

அவ்வளவுதான். சீனச் சக்கரவர்த்திக்கு மெல்மாட் தம் மாளிகையில் ராஜோபசாரமாக விருந்து வைத்த அன்று, அந்தக் கையெழுத்தைப் பற்றிய வதந்தி நகரமெங்கும் பரவிவிட்டது. நுழைவுச் சீட்டுக்காக வாரக்கணக்கில் ஒருவரை ஒருவர் கெஞ்சியவர்களில் பலர் அன்று மாலை வராமலே நின்றுவிட, சக்கரவர்த்தி ஒரு வார்த்தையும் பேசாமல் வீற்றிருக்க, அந்த நீண்ட மேஜைகளில் காலியாகக் கிடந்த நாற்காலிகளை மெல்மாட் தம் இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னும் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது என்பது வேறு விஷயம். ஆனால் முடிவு அன்றே எழுதப்பட்டுவிட்டது. சில நாட்களுக்குள் ஸாட்லியரின் வழியிலேயே அவரும் விஷம் குடித்து மாண்டார். எதிர்க்கட்சியின் பிரசங்கங்களும் பத்திரிகைகளின் தலையங்கங்களும் செய்ய மாட்டாத காரியத்தை, என் பணம் எங்கே என்ற மூன்று சொற்கள் செய்து முடித்தன.

உங்கள் கிளப்பின் கதியும் இதற்கு ஒரு சிறிய பிரதி. சாராயம், சுருட்டு, சாப்பாடு, அவசரத்துக்குக் கைமாற்று என்று நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் கொண்டுவந்து வைத்த உங்கள் நிர்வாகி வாஸ்னரை, கிடைத்தற்கரிய ரத்தினம் என்று புகழ்ந்தீர்கள். அவர் கணக்குக் காட்டி நீங்கள் பார்த்ததில்லை. ஒருநாள் அந்த ரத்தினம் கிளப்புப் பணத்தோடு மறைந்துவிட்டது. நீங்கள் அவருக்கு எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகள் மட்டும் எங்கும் போகவில்லை. அவற்றை விலைக்கு வாங்கியிருந்த ஒரு லேவாதேவிக் கம்பெனி உங்கள் வாசற்படியில் வந்து நின்றது. முகம் பார்த்துக் கடன் எழுதிய நீங்கள், முகமே தெரியாதவனுக்குக் கடன்காரர்கள் ஆனீர்கள்.

உங்கள் வட்டத்துக்கு வெளியே நின்ற பிரெகெர்ட் என்பவரையும் நினைவூட்ட வேண்டும். அவர் யூதர், பாங்கி நடத்துபவர், நடுவயது கடந்தவர். ஆகவே டாலியின் சகோதரி ஜார்ஜியானா அவரைக் கல்யாணம் செய்துகொள்ள இசைந்ததை அவள் குடும்பம் குலநாசமாகக் கருதிற்று. மெல்மாட்டின் வீழ்ச்சியால் தமக்கும் நஷ்டம் நேர்ந்திருக்கிறது, ஆகையால் லண்டனில் தனி வீடு சில காலத்துக்குக் கூடாது என்று அவர் அவளுக்கு ஒளிவுமறைவின்றிக் கடிதம் எழுதினார். அவள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு முறுக்கினாள். அவர் கண்ணியமாக விலகிக்கொண்டார். தம் காலத்து ஆங்கிலேயருக்கு யூதர்கள்மேல் இருந்த துவேஷத்தின் கறை டிராலப்பின் பேனாவிலும் படிந்திருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்த நாவலில் ஒரு பெண்ணிடம் தம் பண நிலைமையை உள்ளது உள்ளபடி சொல்லும் மனிதராக அவர் படைத்தது, உங்களில் ஒருவரை அல்ல. உங்கள் வீட்டில் நுழைய அருகதையற்றவர் என்று நீங்கள் நினைத்த இவரைத்தான்.

படைத்தவருக்கு இவ்வளவும் எங்கிருந்து தெரிந்தது என்பதையும் கேளுங்கள். டிராலப்பின் தந்தை வக்கீல் தொழிலில் தோற்று, விவசாயத்தில் தோற்று, கடனில் மூழ்கியவர். 1834-ஆம் ஆண்டில் ஒருநாள் மகன் ஆண்டனியே வண்டி ஓட்டித் தந்தையை லண்டனுக்குக் கொண்டுபோய், ஆஸ்டெண்டுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டான். எதற்காக என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. திரும்பி வந்தால் வீட்டில் அமீனாக்கள் ஜப்தி செய்துகொண்டிருந்தார்கள். கடனாளிச் சிறைக்குத் தப்பி பெல்ஜியத்தில் ஒதுங்கிய குடும்பத்துக்கு, தாயார் பிரான்ஸஸ் நாவல் எழுதிச் சோறு போட்டார். அந்த மகன்தான் பிற்காலத்தில் தபால் இலாகா உத்தியோகத்தோடு, விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தமக்கு வந்த தொகையைப் பட்டியலிட்டு, மொத்தம் ஏறக்குறைய 69,000 பவுன் என்று சுயசரிதையில் வெளியிட்டார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1883-இல், அந்த நூல் வெளிவந்தபோது, கலைஞன் கடைக்காரனைப் போலப் பேரேடு காட்டலாமா என்று ரசிகப் பெருமக்கள் மனம் கசந்தார்கள்; அவருடைய கீர்த்தி அதனால் வெகுகாலம் மங்கியும் இருந்தது. கணக்குக் கேட்டவனை மட்டுமல்ல, கணக்குக் காட்டியவனையும் உங்கள் உலகம் மன்னிக்கவில்லை!

இவ்வளவு நியாயம் சொன்ன டிராலப்பின் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த ரயில்வேப் பங்குகளை வாங்கியவர்கள் யார்? நூறு அத்தியாயங்களில் நாங்கள் நெருங்கிக் காண்பதெல்லாம் உங்கள் முகங்களைத்தான். உங்களில் ஒருவருக்கும் ஒருவேளைச் சோறு தவறவில்லை. ஸர் பீலிக்ஸைக்கூட ஒரு பாதிரியாரின் துணையோடு ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார்கள். ஆனால் பிரபுக்களின் பெயரைப் படித்து நம்பிச் சேமிப்பைப் போட்ட பாமரர்களோ, கதைக்கு வெளியிலேயே அழிந்து போகிறார்கள். அவர்களுடைய முகங்களை எங்கள் சென்னைப் பட்டணம் பார்த்திருக்கிறது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அங்கே பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்து நின்றன. ஆங்கிலேயக் கனவானின் பெயர் போட்ட பழம்பெரும் கடை என்பதே அவர்களுக்கு ஜாமீனாக இருந்தது. ‘ஸர்’ பட்டம் பெற்ற ஜார்ஜ் ஆர்பத்நாட்டிடம் வரவு செலவைக் காட்டுங்கள் என்று கேட்கும் துணிவு யாருக்கு வந்திருக்கும்? அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. நஷ்டப்பட்டவர்களின் பொருட்டு முன்னின்று வாதாடிய வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோர் 1907-இல் இந்தியன் பாங்கியைத் தொடங்கினார்கள். இனி நம் பணத்துக்கு நாமே கணக்குப் பார்ப்போம் என்ற ரோஷத்தில் பிறந்தது அது.

கனவான்களே, நட்புக்கும் கணக்குக்கும் ஆகாது என்பது உங்கள் சித்தாந்தம். எங்கள் கல்யாணப் பந்தலின் வாசலில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, மொய் வைக்கும் மாமன் மச்சானின் பெயரையும் ஊரையும் தொகையையும் உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வார். அதனால் உறவு முறிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, நோட்டைத் தொலைத்ததால் முறிந்த உறவுகள் உண்டு. ஆகையால் உங்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. நிடர்டேல் பிரபுவே, அடுத்த முறை ஒரு கம்பெனி உங்கள் பெயரைக் கேட்டால், அதன் பேரேட்டைக் கேளுங்கள். பால் மாண்டேகு அவர்களே, நீங்கள் முணுமுணுத்ததைச் சற்று உரக்கச் சொல்லுங்கள். ஸர் பீலிக்ஸே, உங்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. டாலி, நீங்கள் பணமுடையால் கேட்ட கேள்வியைப் பழக்கத்தால் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்; மைல்ஸின் அங்கிக் கையை நீங்கள் அன்றே பார்த்திருந்தால், மெல்மாட்டின் கையெழுத்து வரையில் காத்திருக்க நேர்ந்திராது.

மைல்ஸ் கிரெண்டால் எழுதிய சீட்டு இன்னும் யார் பையிலாவது இருக்குமானால், அதைக் கிழித்துப் போடாமல், தேதி குறிப்பிட்டு, ரொக்கம் கேட்டு, அவருக்கே திருப்பி அனுப்புங்கள். அவர் கொடுக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கதையை முழுவதும் படித்த ஒரு வாசகன்